சிலோனுக்காகக் குத்திய அம்மை

சனிக்கிழமை சாயங்காலமானால் வேதசிரோமணி சார் வீட்டு முன்னறையில் சிலோன் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிழக்குத் தாம்பரத்தில், கல்லூரியை ஒட்டிய ஆசிரியர் குடியிருப்பில் இருந்தது அந்த ஓட்டு வீடு. மற்ற நாட்களில் அங்கே சாரின் இருமலும் சுவர்க்கடிகாரமும்தான் பேசிக்கொள்ளும். சனிக்கிழமை மட்டும் வாசலில் செருப்புகள் குவியும். நாற்காலி போதாமல் பையன்கள் பாயை விரித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜைமேல் தேசப்படம் விரியும். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து லாரியில் போனால் ஒரு மீனவர் குப்பம். தனுஷ்கோடியை விழுங்கிய அதே புயல் அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தையும் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளைகள் வேப்பமரத்தடியில்தான் படிக்கிறார்களாம். அறுபத்தாறாம் வருஷத்து மே விடுமுறையில் அங்கே போய்ச் சுவர் எழுப்பி, கூரை போட்டுக் கொடுத்துவிட்டு வருவதென்று மாணவர் சேவைக் குழு தீர்மானித்திருந்தது.

அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை. அதற்குப் பின்னால் நின்று யூனிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். வேதசிரோமணி சாரின் ஒரே மகள். பதினேழு முடியப்போகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அம்மா இறந்துபோனாள். அந்த வருஷமே யூனிஸுக்கு டைபாய்டு வந்து பரீட்சை எழுத முடியவில்லை. உடம்பு தேறியபோது வீட்டைப் பார்க்க ஆளில்லை. அப்படியே நின்றுவிட்டது படிப்பு. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி போ என்றும் யாரும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சம் அவளுக்கு. தானாகக் கேட்கவும் அவளால் ஆகவில்லை.

அவளுடைய பழைய பள்ளிக்கூட அட்லாஸ் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னறையில் தலைமன்னார் என்றால் அடுப்படியிலும் தலைமன்னார். பால் பொங்குவதற்குள் கடலைக் கடந்து திரும்பிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, டீத் தட்டோடு அவள் வந்தபோது தனசிங் தலையைச் சாய்த்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். நாகர்கோவில் பையன். குழுவில் அவன் வாய்தான் பெரிய வாய்.

"இன்னிக்கும் படிப்புதானா யூனிஸ்? அட்லாஸ் திறந்தே கெடக்கு. இந்தப் படிப்பு நான் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர்."

"நீ படிச்சிருந்தா அந்த அட்லாஸ்லே ஒரு பக்கம் கூட மிஞ்சியிருக்காது. எல்லாம் ராக்கெட் ஆகியிருக்கும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

சாமுண்டி குழுவில் இருந்த ஒரே மாணவி. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவள். வந்ததும் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குள் நுழைந்து, "என்ன இருக்கு திங்க?" என்று கேட்கும் ஒரே ஆளும் அவள்தான். யூனிஸின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடிப்பாள். அவள் போன பிறகும் அந்தத் தோள் கொஞ்ச நேரம் தனியாகத் தெரியும்.

சாமுண்டிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவளுடைய அப்பா தோத்தாத்ரி, கணக்காயர் அலுவலகத்தில் வேலை. குழுவில் இருக்கட்டும், கூட்டத்துக்குப் போகட்டும் என்றவர், கடல் தாண்டிப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று கேட்டதோடு பேச்சை முடித்துவிட்டார்.

சீட்டு எடுத்தது பிப்ரவரியில். அந்தக் குழுவில் அது ஒரு வழக்கம். வெளியூருக்குச் சேவைக்குப் போவதற்கு முன்னால் எல்லோருடைய பெயரையும் எழுதிச் சுருட்டித் தொப்பியில் போடுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். எடுத்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்காகத் தினமும் ஜெபம் செய்யவேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது. புறப்படுகிற நாளில் ஒரு சின்னப் பரிசைக் கையில் கொடுத்து, உனக்காக ஜெபம் செய்தது நான்தான் என்று காட்டிக்கொள்ளலாம்.

"எனக்கு உங்க மாதிரி ஜெபம் பண்ணத் தெரியாது சார். எங்க தெருப் பிள்ளையார்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள் சாமுண்டி.

குழுத் தலைவர் சத்தியநாதன் சார் சிரித்தார். அவர் ரசாயன ஆசிரியர், குடியிருப்பில் அடுத்த வீடு. "யார்கிட்ட வேணும்னாலும் சொல்லும்மா. ஆள் பேரை மட்டும் மாத்திச் சொல்லிடாதே."

தொப்பி கைமாறிக்கொண்டிருந்தபோது யூனிஸ் காலி டம்ளர்களை எடுக்க வந்தாள். சத்தியநாதன் சார் நிமிர்ந்து பார்த்தார். "யூனிஸ் பேரைப் போட்டோமா? போடலையா? என்னப்பா நீங்க. நம்ம டீம்லே அவளும் ஒருத்திதானே. தனசிங், எழுதிப் போடு."

தனசிங் எழுதிப் போட்டான். தொப்பி அவள் முன்னால் நீண்டது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். அடுப்படிக்கு வந்துதான் பிரித்தாள். சாமுண்டீஸ்வரி என்று இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்துவிட்டிருந்தது. தொப்பியில் பெயர் போட்டவர்கள் எல்லாம் போகிறவர்கள். அவள் பெயரும் தொப்பியில் விழுந்துவிட்டது. சார் தன் வாயாலேயே சொன்னார், அவளும் டீமில் ஒருத்தி என்று. யூனிஸ் அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அன்றைக்குக் கடலைக் கடந்தவள் உடனே திரும்பவில்லை.

தொப்பியில் அப்பா பெயரும் இருந்தது, அப்பா போகவில்லை என்பது அவளுக்கு நினைவு வரவில்லை. போகாமல் இங்கிருந்து ஏற்பாடுகளைப் பார்ப்பவர்கள், பின்னால் நின்று தாங்குகிறவர்கள், அவர்கள் பெயரும் சீட்டில் சேரும். சர்ச்சில் எந்த ஊழியத்துக்கும் அப்படித்தான். அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நிமிஷத்தில் தெரிந்துகொள்ள அவள் மனசு விடவில்லை, அவ்வளவுதான்.

இப்படித்தான் அவளுடைய ஜெபம் ஆரம்பித்தது. காலையில் அப்பா எழுவதற்கு முன் அடுப்படித் தரையில் முழங்கால் போடுவாள். சாமுண்டி அக்காவின் அப்பா மனசு இளகவேண்டும், அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வேறு எதையும் கேட்கவில்லை. தனக்காக ஏதும் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அதுதான் நடந்துவிட்டதே. கப்பலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டும், அதற்குச் சாமுண்டி வந்தால் போதும்.

சிலோன் போய்ச் சுவர் கட்டுவதற்கு முன் இங்கே ஒரு சுவராவது கட்டிப் பார்க்கவேண்டாமா என்று சத்தியநாதன் சார் சொன்னார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மண்வெட்டியும் கொத்துக் கரண்டியும் வாங்கினார்கள். மறுநாள் பம்மலில், தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசையில், இடிந்துபோன குளியலறைச் சுவரை எழுப்பப் போனார்கள். சாப்பாட்டுத் தூக்குகளோடு யூனிஸும் போனாள். போன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. தூக்கை வைத்துவிட்டுக் கலவையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கலவையைச் சட்டியில் வாரிக் கொடுத்தாள். தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த நாற்றம் அந்தத் தெரு முழுக்க அடித்தது. தலையில் முக்காட்டைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வரை சாந்தோடு, அவளும் சாமுண்டியும் சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் சுவர் எழுந்தது. அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்து அதைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"இன்னா சார் இது? செவுரு மாசமா இருக்கற பொம்பள கணக்கா வயித்தத் தள்ளிக்கினு நிக்குது?"

"அது அப்படித்தான்மா, காய்ஞ்சதும் உள்ளே போயிடும்" என்றான் தனசிங்.

"காஞ்சா பெத்துடும்யா. குளிக்கச் சொல்ல என் தலைலதான் வுழும். அந்தச் சின்னப் பொண்ணு கலக்கற கலவை நல்லா கீது. கட்டத்தான் ஒங்களுக்குத் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். யூனிஸ் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். கேட்டார்களோ என்னவோ.

மார்ச்சில் கல்லூரி வைத்தியசாலைக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். கடல் கடந்து போகிறவர்கள் எல்லோரும் குத்திக்கொண்டால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். சட்டைக் கையைச் சுருட்டியபடி பையன்கள் வரிசையில் நின்றார்கள். சாமுண்டி அப்பா சம்மதிக்காமலே வந்து நின்றிருந்தாள். "அவர் சரின்னுட்டா அப்புறம் ஊசிக்கு எங்கே ஓடறது? இப்பவே குத்திக்கறேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் யூனிஸ் போய் நின்றுகொண்டாள்.

வைத்தியசாலை ஆயா பஞ்சால் கையைத் துடைத்தாள். "இன்னாம்மா, நீயுமா சிலோன் போற?"

யூனிஸ் தலையை ஆட்டினாள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் மறுத்துச் சொல்லவில்லை. முன்னால் சாமுண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யூனிஸ், பாக்காதே, அந்தப் பக்கம் பாரு" என்றாள். வரிசையில் கலந்து நின்றவளை, யாரோ வீட்டுப் பெண், எதற்கோ குத்திக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் அம்மை இருக்கிற காலம், யார் குத்திக்கொண்டாலும் நல்லதுதானே.

ஏழாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. கை வீங்கிச் சிவந்தது. வலியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கமுடியவில்லை. அவளுக்கு அந்த வலி பிடித்திருந்தது. எல்லோருக்கும் இன்றைக்கு இந்த இடத்தில்தான் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயிலிலே அலைஞ்சிருக்கே" என்று மிளகு ரசம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ரசத்தை அவள்தான் வைத்தாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு சாயங்காலம், சனிக்கிழமைகூட இல்லை, சாமுண்டி ஓடி வந்தாள். செருப்பை உதற மறந்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்டாள்.

"யூனிஸ்! அப்பா ஒத்துக்கிட்டார்டி!"

யூனிஸின் கையிலிருந்த கரண்டி தானாகக் கீழே போனது. சாமுண்டி அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ரெண்டு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருந்த மனுஷன். இன்னிக்குக் காலையிலே ஷேவ் பண்ணிக்கிட்டே, 'குடும்பப் பொம்பளை யாராவது கூட வந்தா போயிட்டு வா'ன்னுட்டார். சத்தியநாதன் சார் சம்சாரம் வர்றாங்கன்னா சரியாம். நான் உடனே ஓடிப் போய் ரத்தினபாய் ஆன்ட்டிகிட்ட கேட்டேன். பாக்கறேன்னாங்க. அவங்க முகத்தைப் பாத்தா வந்துடுவாங்கன்னுதான் தோணுது!"

யூனிஸ் கரண்டியை எடுக்கக் குனிந்தாள். அந்த அடுப்படித் தரையைப் பார்த்தாள். தினமும் முழங்கால் பதிந்த இடம் மற்ற இடம்போலத்தான் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, கேட்டது கேட்டபடியே. அவள் ஜெபம் செய்து எதுவும் கிடைத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. அம்மாவுக்காகக் கேட்டது கிடைக்கவில்லை.

"ஏன்டி அழறே? நீ ஒரு பைத்தியம்" என்று சாமுண்டி அவள் கண்ணைத் தன் தாவணியால் துடைத்தாள்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ கொடுக்கவேண்டிய கடைசி நாள் நெருங்கியது. அந்த வேலை அப்பாவினுடையது. பையன்கள் தங்கள் போட்டோக்களை உறைகளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா தன்னைப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போவார் என்று யூனிஸ் காத்திருந்தாள். அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்தாள். அப்பா எதைத்தான் மறக்கவில்லை? ஒரு மத்தியானம் தானாகவே கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்குத் தாம்பரத்து ஸ்டுடியோவுக்குப் போனாள். தனியாக ஒரு கடைக்குள் நுழைந்து, எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டது அதுவரை நடந்ததில்லை. ஸ்டுடியோக்காரர் தலையைத் தூக்கு என்றார், இன்னும் கொஞ்சம் என்றார். போட்டோவில் அவள் யாரோ நிமிர்ந்த பெண் மாதிரி விழுந்திருந்தாள். அதை அப்பாவின் மேஜையில் மற்ற உறைகளோடு வைத்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறைகளைப் பிரித்தார். யூனிஸ் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"யூனிஸ், இங்க வா. இது எப்படி இதுலே கலந்துச்சு?"

அவள் வந்து நின்றாள்.

"உன் போட்டோம்மா. சிலோன் போட்டோவோட கிடக்கு. நல்லவேளை பாத்தேன், அப்படியே அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அவர் சிரித்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கே. எப்ப எடுத்தே? பாளையங்கோட்டை அத்தை கேட்டுக்கிட்டே இருக்கா, ஒண்ணு அனுப்பு, நல்ல இடம் பாக்கலாம்னு. இதை அவளுக்கு அனுப்பிடறேன்."

யூனிஸ் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம கலந்துடுச்சுப்பா."

"பரவாயில்லே. ஆங், உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். ரத்தினபாய் போறாங்க. அவங்க போகாட்டி சாமுண்டி போகமுடியாது. அவங்க ரெண்டு குழந்தைங்களையும் நீதான் பாத்துக்கணும். நான் அன்னிக்கே சொல்லிட்டேன், யூனிஸ் இருக்கா, கவலைப்படாதீங்கன்னு."

அவர் அவளுடைய போட்டோவைத் தனியே எடுத்து வேதாகமத்துக்குள் வைத்தார். மற்றவற்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்.

அவள் அடுப்படிக்கு வந்து விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்தாள். முதலில் வெட்கம்தான் வந்தது, உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். யாருக்கும் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல். ஆயாவுக்கு மட்டும் தெரியும், அவள் மறந்திருப்பாள். வெட்கம் ஆறின பிறகு மற்றது வந்தது. தோத்தாத்ரி மாமா மனசு இளகவேண்டும் என்று முழங்கால் போட்டது யார்? அவர் இளகினார். இளகினதால் குடும்பப் பெண் ஒருத்தி கூடப் போகவேண்டும். அவள் போனால் குழந்தைகளைப் பார்க்க ஒருத்தி வேண்டும். தான் போகும் வழியைத் தானே கல் கல்லாக எடுத்து அடைத்திருக்கிறாள். பம்மல் சுவரைவிட இது நேராக எழுந்திருந்தது.

பிறகு, அந்த வழி எப்போதுமே திறந்திருக்கவில்லை என்பதும் புரிந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

இரண்டு நாள் அவள் ஜெபம் செய்யவில்லை. முழங்கால் போட்டால் வேறு ஒரு ஜெபம் வந்துவிடும்போல் பயமாயிருந்தது.

மூன்றாம் நாள் ரத்தினபாய் ஆன்ட்டியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எப்போதும் அவசரமாக நடப்பவள், அன்றைக்கு மெதுவாக வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் சின்னவள், ஒன்றரை வயது. புடவையைப் பிடித்தபடி பெரியவள் ஷீலா, நாலு வயது.

"யூனிஸ், சார் ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க. நான் உன்கிட்ட இன்னும் கேக்கலை. இதுக்கு நேத்திலேருந்து பேதி. எனக்கு மனசே சரியில்லே. மூணு வாரம், விளையாட்டில்லே. உனக்குப் பயமா இருந்தா சொல்லிடும்மா. நான் நின்னுடறேன். யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

யூனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மூன்று மாதத்தில் அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டது இதுதான் முதல் தடவை. இதற்குப் பதில் உண்டு, அந்தப் பதில் அவள் நாக்கிலேயே இருந்தது. பயமாயிருக்கிறது ஆன்ட்டி என்றால் போதும். ஆன்ட்டி நின்றுவிடுவாள். சாமுண்டியும் நின்றுவிடுவாள். மே மாதம் முழுக்கச் சாமுண்டி பல்லாவரத்தில் இருப்பாள், போக்கிடம் இல்லாமல் இங்கே வருவாள், என்ன இருக்கு திங்க என்பாள். பையன்கள் மட்டும் போய்ச் சுவர் கட்டட்டும், அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கட்டும்.

பேதி வந்த குழந்தை தாயின் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு யூனிஸைப் பார்த்தது. கறுத்த கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

செருப்பை உதற மறந்து ஓடிவந்தாளே, அந்தச் சாமுண்டியின் முகம் யூனிஸுக்கு ஞாபகம் வந்தது. சீட்டில் எழுதியிருந்த பெயர் புறப்படும் நாள்வரைக்கும் அவள் பொறுப்பு. ஆள் பேரை மாத்திச் சொல்லிடாதே என்று சார் சொன்னது பிள்ளையாருக்கு மட்டுமா?

"குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை தாவவில்லை, ஆனால் அழவும் இல்லை, வந்தது. "மாதுளந்தோல் வெச்சு கஷாயம் குடுத்தா நிக்கும் ஆன்ட்டி. நீங்க போயிட்டு வாங்க."

"நிஜமாவா?"

"ம்."

ஆன்ட்டி அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, இறங்கிய பாரம் தெரியப் பழைய அவசர நடையில் திரும்பிப் போனாள். மறுநாள் காலை யூனிஸ் மறுபடி முழங்கால் போட்டாள். சாமுண்டி அக்காவுக்குக் கப்பலில் வாந்தி வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மே முதல் வாரத்தில், ஒரு சாயங்கால ரயிலில் கிளம்பினார்கள். எழும்பூரிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தில் கொஞ்சம்தான் நிற்கும். அதனால் முன்கூட்டியே பிளாட்பாரத்தில் படுக்கைச் சுருள்களையும் மண்வெட்டிக் கட்டையும் அடுக்கிவிட்டு, சத்தியநாதன் சார் சின்ன ஜெபம் செய்தார். பிறகு சீட்டுப் பரிசுகள் கைமாறின. "நீயா! நீதானா!" என்று ஒரே கூச்சல். தோத்தாத்ரி மாமா ஒரு தூணோரம் குடையோடு நின்று, ரத்தினபாய் ஆன்ட்டியை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

யூனிஸ் சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் சாமுண்டியின் முதலெழுத்தை நீல நூலால் தைத்திருந்தாள்.

"நீயாடி? எனக்கா?" சாமுண்டி வாயைப் பிளந்தாள். "என்னன்னு ஜெபம் பண்ணினே?"

"உங்கப்பா சரின்னு சொல்லணும்னு."

"அடிப்பாவி. அதான் அந்த மனுஷன் பாதி ஷேவிங்கிலே விழுந்துட்டார்!" சாமுண்டி அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "உனக்கும் ஒரு வரம் கேக்கத் தெரியலியே. நீயும் வரணும்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருந்தா, ரெண்டு பேரும் ஜாலியாப் போயிருக்கலாம்!"

சொல்லிவிட்டு அவள் தன் பெட்டியைத் தேடிப் போனாள். விளையாட்டாகச் சொன்னதுதான்.

"யூனிஸ்!" தனசிங் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். "உன் சீட்டு என்கிட்டதான். நானே எழுதிப் போட்டு நானே எடுத்தேன், பாத்தியா."

அவள் முகம் மலர்ந்தது. தன் பெயரையும் யாரோ ஒருவர் தினமும் சொல்லியிருக்கிறார். அதை நினைத்துப் பார்க்கவே இல்லை அவள்.

"ஒரு நாள் விடலை. முக்கியமா உன் பரீட்சை அன்னிக்கெல்லாம் விடிகாலையிலே எழுந்து பண்ணினேன். எஸ்.எஸ்.எல்.சி.ன்னா சும்மாவா? கணக்குப் பேப்பர் கஷ்டம்னு எல்லாரும் சொன்னாங்க. நீ எப்படி எழுதினே?"

பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஜியாமெட்ரி பாக்ஸ். மூடியில் வர்ணம் பளபளவென்றிருந்தது.

வாரா வாரம் அவள் போட்ட டீயைக் குடித்தவன். அட்லாஸைப் பார்த்திருக்கிறான், அது எந்த வகுப்பு அட்லாஸ் என்று கேட்டதில்லை. அவன் முகத்தில் கபடமே இல்லை. விடிகாலையில் எழுந்திருக்கிறான். நிஜமாகவே எழுந்திருப்பான்.

"நல்லா எழுதினேன் அண்ணா" என்றாள் யூனிஸ்.

"அப்படிப் போடு! ரிசல்ட் வந்ததும் ஸ்வீட் வேணும், ஆமா."

வண்டி வந்தது. மூட்டைகள் ஏறின, ஆட்கள் ஏறினார்கள், ரத்தினபாய் ஆன்ட்டி ஜன்னலிலிருந்து இரண்டு குழந்தைகளின் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு அழுதாள். அப்பா யாரோ ஒருவருக்குக் கடைசி நிமிஷத்தில் ஏதோ காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி பெருங்களத்தூர்ப் பக்கம் வளையும்வரை ஜன்னல்களில் கைகள் தெரிந்தன. சாமுண்டியின் கையில் அந்தக் கைக்குட்டை. பிறகு தண்டவாளம்தான்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். ஷீலாவைக் கேரியரில் உட்கார்த்தியிருந்தார். யூனிஸ் சின்னவளையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். எழுதாத பரீட்சைக்காகச் செய்த ஜெபம் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தாள். எங்கேயாவது கணக்குப் பரீட்சையில் திணறிக்கொண்டிருந்த வேறொரு பெண்ணுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் சரி.

"நல்ல காரியம் பண்ணினே யூனிஸ்" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல். "நீ இல்லாட்டி இந்த ஏற்பாடே நடந்திருக்காது."

"ம்" என்றாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் ஷீலாவைக் குளிப்பாட்டினாள். தண்ணீர் மொண்டு ஊற்றும்போது ரவிக்கைக் கை மேலே ஏறியது. ஷீலா ஈர விரலால் அவள் கையைத் தொட்டாள். பொருக்கு உதிர்ந்து பல நாள் ஆகி, அந்த இடத்தில் புதுத் தழும்பு வட்டமாக, இளஞ்சிவப்பாகக் கிடந்தது.

"எங்கம்மாவுக்கும் இது இருக்கு. சிலோன் போறவங்களுக்குப் போடறதுன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப நீயும் போறியா அக்கா?"

செம்பு பாதி வழியில் நின்றது.

"போறதா இருந்தேன்" என்றாள் யூனிஸ். வெளியே சொல்லிப் பார்த்தால் அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது.

"அப்ப ஏன் போகலை?"

"உன்னைக் குளிப்பாட்ட ஆள் வேணாமா?"

ஷீலா இதைக் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா வந்ததும் சொல்றேன். அடுத்த வாட்டி உன்னையும் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றேன்."

"சொல்லாதே."

"ஏன்?"

யூனிஸ் சோப்பை எடுத்து அவள் தலையில் நுரை பொங்கத் தேய்த்தாள். "கண்ணை மூடிக்கோ. சோப்பு உள்ளே போனா எரியும். நான் சொல்றவரைக்கும் திறக்கக்கூடாது."

குழந்தை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. சின்னவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார்.

"ஊத்திட்டியா அக்கா? திறக்கட்டுமா?" என்று ஷீலா இரண்டு தடவை கேட்டாள்.

"இரு, இன்னும் கொஞ்சம் நுரை இருக்கு" என்றாள் யூனிஸ். குரல் சரியானதும் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.